கட்டிப் பார்க்கும் மெம்பர்

வலது கை கயிற்றைக் கம்புக்குப் பின்னால் கொண்டுபோகிறது. இடது கை அதை அங்கே வாங்கிக்கொள்கிறது. கயிற்றின் நுனி பற்களுக்கு இடையே இருக்கிறது. நெடுக்காகச் சுற்றி, குறுக்காகச் சுற்றி, முழங்காலைக் கம்பில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து ஓர் இழுப்பு. சவுக்குக் கம்பு முனகுகிறது. கீழே மீன்சட்டியோடு போகிற பெண் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்க்கிறாள்.

“ஆரு செத்துட்டது?”

பதில் உடனே வருவதில்லை. முடிச்சு இறுகிய பிறகுதான் வாயிலிருந்து கயிறு வெளியே வருகிறது.

“ஆரும் சாவல. ராஜமணிக்க வீடாக்கும். கெட்டிப் பாக்கேன்.”

“வீடா? வெள்ளைத் துணியிலயா?” அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நடையை எட்டிப் போடுகிறாள்.

ஞானதாசனுக்குப் பந்தல் போடுவது தொழில். குளச்சலுக்குக் கிழக்கே, கடலின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருக்கிறது அவருடைய ஊர். கல்யாணம், ஞானஸ்நானம், திருவிழா, சாவு என்று எதற்கும் அவர் பந்தல்தான். வார்டில் அவர் குழி தோண்டாத வீட்டு முற்றம் கிடையாது. 2006இல் அவர் பஞ்சாயத்து மெம்பரானதற்கும், 2011இல் மறுபடி ஆனதற்கும் வேறு காரணம் யாரும் சொல்வதில்லை. ஊர்க்காரர்களை அவர் நினைவில் வைத்திருப்பதும் பந்தலை வைத்துத்தான். வாலிபன் ஒருவனை அறிமுகப்படுத்தினால் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீ ஆபேலுக்க மகன் இல்லியா? உனக்க அப்பனுக்க கல்யாணத்துக்குப் போட்ட பந்தலு காத்துல பறந்து பனையில போயில்லா தொங்கிச்சு” என்பார். மணமகளை அவர் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் அவர் கண் முழுக்க மேலேயே இருக்கும். தான் போட்ட பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டார்; இலையை வாங்கிக்கொண்டு தென்னை மூட்டுக்குப் போய்விடுவார். கேட்டால், “எனக்க பந்தலுக்குக் கீழ இருந்தா எனக்குச் சோறு எறங்காது” என்கிறார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

சட்டைப் பையில் எப்போதும் கயிற்றுத் துண்டுகள் இருக்கும். பஞ்சாயத்துக் கூட்டத்தில் கண்ணாடியை எடுக்கப் பையில் கைவிட்டால் முதலில் கயிறு வரும், பிறகு இன்னொரு கயிறு வரும், அதன் பிறகுதான் கண்ணாடி வரும். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் அவரால் வீட்டு வரைபடத்தைப் படிக்க முடியாது. அதை அவர் மறைப்பதில்லை. மறைத்திருந்த காலம் ஒன்று இருந்தது.

மெம்பரான மறு ஆண்டு, சந்திப்புப் பக்கம் பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட வரைபடம் வந்தது. எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள், ஞானதாசனும்தான். கட்டி முடித்து வெள்ளையடித்த பிறகு பார்த்தால் அதன் கதவு டீக்கடை பெஞ்சுக்கு நேர் எதிரே திறந்தது. ஒரு பெண்ணும் அதற்குள் போகவில்லை. இப்போது டீக்கடைக்காரர் அதில் விறகு அடுக்கியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் ஞானதாசன் எழுந்து நின்றார். “தலைவரே, காயிதத்துல போட்டிருக்க கோட்டப் பாத்தா எனக்கு ஒரு எளவும் வெளங்காது. வெளங்கின மாதிரி கை தூக்கிட்டேன். இனி எனக்க வார்டுல எது வந்தாலும் கெட்டிப் பாத்துட்டுத்தான் தூக்குவேன்.”

கட்டிப் பார்ப்பது என்றால், வரவிருக்கும் கட்டடத்தை அது வரவிருக்கும் இடத்திலேயே, அதே அளவில், கம்பாலும் கயிற்றாலும் துணியாலும் நிறுத்துவது. வரைபடத்தைப் படித்துச் சொல்வது அதை வரைந்த ஆன்ட்ரூஸ். அவர் கீழே நின்று அளவைச் சொல்லச் சொல்ல, ஞானதாசன் மூலைக்கொரு கம்பு நடுவார். ஒவ்வொரு தளத்துக்கும் கயிறு ஓடும். சுவருக்குப் பந்தல் துணி, ஜன்னலுக்கு நீலத் துணி, வாசலுக்கு ஓலைப்பாய். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு, வாடகைக்கு விடும் பிரியாணி அண்டாவைக் கவிழ்த்துக் கட்டுவார். செப்டிக் டேங்க் வரும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சுற்றிப் பார்ப்பார்கள். “இது எனக்க கெணத்துக்குப் பக்கமில்லா” என்பார் ஒருவர். “வண்டி திரும்பாதே” என்பார் மற்றவர். சண்டை எல்லாம் துணிச் சுவர் நிற்கும்போதே நடந்து முடிந்துவிடும்.

இப்படிச் செய்யச் சொல்லி எந்த விதியிலும் இல்லை. தலைவர் வைகுண்டராஜன் அதை அடிக்கடி நினைவுபடுத்துவார். “வே, கோழிக்கூட்டுக்கும் கக்கூசுக்கும் பந்தலு போட்டுட்டு இருந்தா பஞ்சாயத்து எப்பம் வே நடக்கும்?”

“எனக்க கம்பு, எனக்க கயிறு. உமக்கு என்ன நஷ்டம்?”

“ரோட்டுல போறவன்லாம் பந்தலப் பாத்துட்டு இலை போடுவீயளான்னு கேக்கானுவ வே.”

ஆனாலும் அவர் தடுப்பதில்லை. ஞானதாசனின் நான்காவது வார்டிலிருந்து மட்டும் வீடு கட்டும் தகராறு ஆபீஸ் படியேறி வருவது குறைந்துவிட்டதை அவரும் கவனித்திருக்கிறார்.

எல்லாவற்றையும் கட்டிக் காட்ட முடிந்ததில்லை. செல்போன் கோபுரத்துக்கு அனுமதி கேட்டு வந்தபோது, இருந்ததிலேயே உயரமான தென்னையின் உச்சியில் மூங்கிலைக் கட்டி, அதன் முனையில் சிவப்புத் துணியைப் பறக்கவிட்டார். ஊர் கூடிச் சிரித்தது. கோபுரம் அதைவிடப் பல மடங்கு உயரத்தில் வந்து நின்றது. இன்றும் போனில் பேச அவர் அதற்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்.

தவக்காலம் அவருக்கு ஓய்வுக் காலம். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை கடலோரத்துக் கத்தோலிக்கர்கள் கல்யாணம் வைப்பதில்லை. வண்ணத் துணிகளையெல்லாம் வேப்பிலை போட்டு மூட்டை கட்டிவிடுவார். சாவுக்கு வேண்டிய வெள்ளைத் துணியும் ஜன்னல் காட்ட இரண்டு நீலத் துணிகளும் மட்டும் வெளியே இருக்கும். கம்புகள் சும்மா கிடப்பதால் கட்டிப் பார்க்கும் வேலையை அவர் அந்த நாட்களில்தான் வைத்துக்கொள்வார். வீடு கட்ட அவசரப்படுகிறவர்களிடம், “தவக்காலம் வரட்டும் மக்கா” என்பார். ஒவ்வொருவரும் அவரை ஒரு தடவையாவது திட்டியிருப்பார்கள்.

ராஜமணியின் மனுவும் அப்படித்தான் 2013ஆம் ஆண்டுத் தவக்காலத்துக்கு வந்து சேர்ந்தது. ராஜமணி விதவை. அவருடைய ஒரே மகன் டிஜோ மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக், அவன் மனைவி ஜின்சி அங்கேயே நர்ஸ். சாலையோரத்துக் காலி மனையில் கீழும் மேலுமாக ஒரு வீடு, மேலே கிழக்குப் பார்த்து அவர்களுக்கு அறை. வரைபடத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விட வேண்டிய இடமெல்லாம் விட்டிருந்தது.

அந்த மனைக்குக் கிழக்கே, ஒரு சந்துக்கு அப்பால், குளோரியின் களம். குளச்சல் ஏலத்தில் நெத்திலி எடுத்து, ஆட்டோவில் கொண்டுவந்து, சிமென்ட் தரையில் உலர்த்தி விற்பவர். கணவன் படகிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு அந்த வீட்டுக்கு வேறு வரும்படி இல்லை. நெத்திலி ஒரே பகலில் காய வேண்டும். வெயில் தப்பினால் சிவந்து குழைந்துவிடும்; பிறகு அதை வாங்கக் கோழித்தீவனக்காரன்தான் வருவான். மாடி வருகிறது என்று கேள்விப்பட்டதும் குளோரி செதில் ஒட்டிய கையோடு ஆபீசுக்கு வந்து நின்றார்.

“மேக்கு அடைச்சுப் போச்சுன்னா எனக்க களத்துல வெயிலு எங்கேந்து விழும்? நான் நெத்திலிய எனக்க தலையிலயா காயப் போடுகது?”

“ஏட்டி, நீ பயப்படாத” என்றார் ஞானதாசன், முழு நம்பிக்கையோடு. “நிழலு விழும். நான் கெட்டிக் காட்டுகேன். தலைவரு வந்து கண்ணால பாக்கட்டும்.”

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கம்புகள் நடப்பட்டன. மத்தியானத்துக்குள் துணிச் சுவர்கள் எழுந்து, மேல் தளத்தில் பலகை பரப்பி, கிழக்குப் பக்கம் இரண்டு நீலத் துணிகளும் தொங்கவிடப்பட்டன. தலைவரும் மெம்பர்களும் குடையைப் பிடித்துக்கொண்டு குளோரியின் களத்தில் நின்றார்கள். எல்லோரும் தரையையே பார்த்தார்கள். நிழல் மனையிலிருந்து மெதுவாகப் புறப்பட்டு, சந்துக்கு வந்து, அங்கேயே படுத்துக்கொண்டது. குளோரி வழக்கம்போல நெத்திலியை வாரி, குவித்து, மூடிய பிறகும் நிழல் சந்தைத் தாண்டவில்லை. களத்தின் ஓரத்தை அது தொட்டபோது தரையில் ஒரு மீன்கூட இல்லை. காற்றும் நிற்கவில்லை, துணிச் சுவரைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாக வந்து குளோரியின் முந்தானையைத் தூக்கியது.

“பின்னென்ன?” என்று தலைவர் குடையை மடக்கினார். “அடுத்த கூட்டத்துல தீர்மானம் போட்டிருவோம்.”

குளோரி ஞானதாசனைப் பார்த்தார். “நிழலு விழும்னீரே. விழுந்தாச்சு அண்ணே, உம்ம மொகத்துல.”

ஞானதாசன் அண்ணாந்து துணியைப் பார்த்தார். ராஜமணியிடம் முகம் கொடுக்கவும் அவரால் முடியவில்லை. இத்தனை நாள் காக்கவைத்தது வீண் என்று ராஜமணியின் கண்ணிலும் இருந்தது. அப்போதே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தார். ஆனால் வேலைக்காரர்கள் சிலுவைப்பாதைக்கு நேரமாயிற்று என்று கோயிலுக்குப் போய்விட்டிருந்தார்கள். வெள்ளை வீடு அப்படியே நின்றது.

மாலை மினிபஸ்ஸில் வந்த சிலுவைதாசன் அதைப் பார்த்தார். அவர் வேற்று ஊர்க்காரர். அவருடைய மகன் மஸ்கட்டில் டிஜோவும் ஜின்சியும் இருக்கும் வீட்டிலேயே இன்னோர் அறையில் தங்கியிருப்பவன். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ராஜமணியின் மனை. வெள்ளைத் துணி. அவர் பஸ்ஸிலிருந்தே மகனைக் கூப்பிட்டு, பக்குவமாகச் சொல்லு என்று சொல்லிவிட்டார். மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறை. எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். ராஜமணியின் போன் சார்ஜில் கிடந்தது. கோயிலிலிருந்து வந்து அவர் அதை எடுத்தபோது மறுமுனையில் வார்த்தை இல்லை, அழுகை மட்டும் இருந்தது.

“ஆருலே அது? டிஜோவா? எதுக்குலே அழுத?”

“அம்மா…? அம்மாவா பேசுகது?”

“நான் இல்லாம பின்ன ஆரு?”

“பந்தலு போட்டிருக்குன்னு சொன்னானுவளே!”

விஷயம் விளங்க ராஜமணிக்குச் சற்று நேரம் பிடித்தது. “சவத்துப் பயலே, நான் சாவலலே. அது உனக்க வீடு. ஞானதாசன் கெட்டி வச்சிருக்காரு.”

அழுகை நின்று, திட்டு வந்து, திட்டும் நின்ற பிறகு டிஜோ கேட்டான்: “எனக்க ரூமு அதுல உண்டாம்மா?”

“உண்டு. நீலத் துணி தொங்குது.”

“அப்பம் காலத்த அதுல ஏறி நின்னு சொல்லும்மா, எப்பிடி இருக்குன்னு.”

மறுநாள் விடியற்காலையில், பந்தலைப் பிரிக்க வந்த ஞானதாசனிடம் ராஜமணி ஏணியைக் கேட்டார். கனத்த உடம்பு. முதல் படியிலேயே மாதாவைக் கூப்பிட்டார். ஞானதாசன் கீழே ஏணியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, “மேல பாருங்க, கீழ பாக்காதுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பலகையில் கால் பட்டதும் ராஜமணியின் குரலே மாறிவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு வாயருகே பிடித்துக்கொண்டு கத்தினார்.

“மக்கா, உனக்க ரூமுல நிக்கேன்! கோயிலு கொடிமரம் தெரியுது. நம்ம தென்னையெல்லாம் எனக்குக் கீழ நிக்குதுலே!”

கீழே களத்தில் குளோரி அன்று காயப்போட வேண்டிய நெத்திலியைப் பரப்ப, இரவு மூடி வைத்திருந்த ஈரச் சாக்கை விலக்கினார். விடியலில் காற்று கடலிலிருந்து வருவதில்லை. கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. அது களத்தைத் தடவிக்கொண்டு நேரே நீலத் துணிக்குள் நுழைந்தது. ராஜமணி முந்தானையால் மூக்கை மூடினார்.

“என்னம்மா? பேச்சக் காணல?”

“நெத்திலி மணம் மக்கா. தாங்க முடியல.”

குளோரி நிமிர்ந்தார். கையில் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. “ஒரு நிமிசம் நிக்கதுக்கே மூக்கப் பொத்துகியளே மயினி. இது முழுசும் வந்து, உங்க மருமவ அங்கன பிள்ளையும் பெத்துப் போட்டிருக்கையில? களத்த மூடணும்னு பெட்டிசன் போடமாட்டியளா?”

ராஜமணி யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று அவருக்குப் பெயர் உண்டு.

“நான் போடமாட்டேன்” என்றார். “அவ போடுவா.”

போனில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜின்சி டிஜோவிடமிருந்து அதை வாங்கினாள். “மாமி, அந்தப் பக்கம் என்ன வேணும்னாலும் வைங்க. எனக்க கட்டில வைக்காதுங்க.”

ஏணியைப் பிடித்தபடி ஞானதாசன் மூன்று பேரின் குரலையும் கேட்டுக்கொண்டிருந்தார். நேற்றெல்லாம் எல்லோரையும் தரையைப் பார்க்க வைத்தவர் அவர். காற்று காலையில் திரும்பும் என்பது பந்தல்காரருக்குத் தெரியாத விஷயமும் அல்ல. சட்டைப் பையிலிருந்து கயிற்றை எடுத்து, “இறங்குங்க மயினி. மாத்திக் கெட்டுவோம்” என்றார்.

ஆன்ட்ரூசைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தார்கள். அறையை மேற்கே தள்ளினால் மாடிப்படி எங்கே போகும் என்று அவர் முறையிட்டார். “படிய கெழக்க போடும். படிக்கு மணம் அடிச்சா அது பெட்டிசனா போடப்போகுது?” என்றார் ஞானதாசன். மாடிப்படி, சாமான் அறை, கழிவறை எல்லாம் கிழக்குப் பக்கம் வந்தன. கழிவறைக்குக் காற்று வேண்டாமா என்று ஆன்ட்ரூஸ் கேட்டார். அதன் திறப்பை வடக்கே திருப்பினார்கள். நீலத் துணிகள் இரண்டும் அவிழ்க்கப்பட்டு மேற்கே போயின. கிழக்கில் தரையிலிருந்து மேல் கயிறு வரை ஒரே வெள்ளை.

மத்தியானம் தலைவர் மறுபடி வந்தார். வந்ததும், மஸ்கட் வரைக்கும் ஆளைக் கொன்றீரே என்று ஒரு பாட்டம் சிரித்தார். பிறகு, கிழக்குச் சுவரில் ஜன்னல் வைக்கக்கூடாது என்று தீர்மானத்திலேயே சேர்த்து எழுத வேண்டும் என்றார் ஞானதாசன்.

“அப்பிடி ஒரு சட்டம் கெடயாது வே.”

“கெட்டிப் பாக்கணும்னும் சட்டம் கெடயாது. நீரு குடை பிடிச்சிட்டு வந்தீருல்லா?”

தலைவர் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “ராஜமணியக்கா சம்மதிச்சா எழுதுவோம்” என்றார். ராஜமணி தலையாட்டினார். “இப்பம் எல்லாரும் ஆட்டுவாங்க” என்றார் களத்திலிருந்து குளோரி, யாரையும் பார்க்காமல். “சுவரு தானே. நாளைக்கு ஒரு உளியும் சுத்தியலும் போதும்.” மெம்பர்கள் துணியைப் பார்த்தார்கள். காற்றில் அது உள்ளே குழிந்து வெளியே உப்பியது.

ஞானதாசன் கடைசி முடிச்சை இறுக்கிவிட்டுக் கீழே இறங்கினார். வேலை முடிந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மூலைக் கம்பைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்வது அந்தப் பக்கத்துப் பந்தல்காரர்களின் முறை. அவர் ஆட்டிப் பார்த்துக் கையை எடுத்த பிறகுதான் பந்தல் கைமாறியதாகக் கணக்கு. ராஜமணிக்கு முறை தெரியும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

ஞானதாசன் உள்ளங்கையைக் காட்டி அவரை நிறுத்தினார். சந்துக்கு நடந்துபோய், கிழக்கு மூலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு களத்தின் பக்கம் திரும்பினார்.

“குளோரி, இங்கன வாட்டி.”

குளோரி நெத்திலியைக் கிளறிவிட்ட துடைப்பத்தைக் கீழே போட்டார். கையைப் புடவையில் துடைத்தார், செதில்கள் போகவில்லை. தலைவரும் மெம்பர்களும் ராஜமணியும் பார்த்துக்கொண்டிருக்க, கம்பை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, காலை அகட்டி ஊன்றினார்.

ஞானதாசன் கம்பிலிருந்து தன் கையை எடுத்தார்.